ஆயா முதல் பணிக்கொடை வரை: பிள்ளை வளர்ப்புப் பணியில் அனுபவத்தின் விலை

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை போன்ற ஊர்களில் பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்ட வயதான பெண்ணைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் குப்புறக் கிடத்தி, புறங்கையில் வெந்நீரின் சூடு பார்த்து, கழுத்து துவளாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் நீர் வார்ப்பார். பல பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த பின்பே வரும் கைப்பக்குவம் இது. ஆனால் இதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சேலையும் கொஞ்சம் அரிசியும் கையில் திணிக்கும் பணமும்தான். நம் நாட்டில் பிள்ளை வளர்க்கும் பெண்களின் ஊதிய வரலாற்றைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்: அனுபவம் மட்டும் ஊதியத்தை உயர்த்தியதில்லை, அந்த உழைப்பு சட்டத்தின் முன் ‘வேலை’ என்று பெயர் பெற்றபோதுதான் ஊதியமும் முதுமைக்கான பாதுகாப்பும் வந்தன.

‘ஆயா’ போர்த்துக்கீசிய மொழி வழியாக வந்த சொல். வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளோடு கப்பலேறி இங்கிலாந்து போய்வந்த ஆயாக்களிடையே அனுபவத்துக்கு நல்ல மதிப்பு இருந்தது. திருமதி அந்தோணி பெரேரா என்ற ஆயா 54 முறை கடல்பயணம் செய்தவர் என்று 1920களில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த மதிப்பு அடுத்த பயணத்தைத்தான் பெற்றுத் தந்தது. பயணம் முடிந்ததும் லண்டனில் கைவிடப்பட்டவர்கள் பலர். அவர்கள் ஒதுங்க அந்நகரின் ஹாக்னி பகுதியில் ஆயாக்கள் இல்லம் ஒன்றே தேவைப்பட்டது. நற்பெயர் சம்பாதித்தவர்களுக்கும் உரிமை என்று எதுவும் இருக்கவில்லை.

சுதந்திர இந்தியாவில் இந்தப் பணியை அரசே ஏற்றது 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில்தான். பெயரில்தான் சிக்கல் வந்தது. அங்கன்வாடிப் பணியாளருக்கு 100 முதல் 150 ரூபாயும், ஊர் ‘பால்வாடி ஆயா’ என்றழைக்கும் உதவியாளருக்கு 35 ரூபாயும் ‘மதிப்பூதியம்’ என்ற பெயரில் தரப்பட்டன. 2018 அக்டோபரில் இவை 4,500, 2,250 ரூபாய் ஆயின. தமிழ்நாடு ஒரு படி மேலே சென்று சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்குகிறது: பணியாளருக்கு 7,700–24,200, உதவியாளருக்கு 4,100–12,500. ஆண்டுதோறும் ஏறும் இந்த ஊதியத்தில் அனுபவத்துக்கு ஓரளவு விலை உண்டு. ஆனால் வாசல் குறுகலானது. 2025-ல் 7,783 பணியிடங்களுக்கான அறிவிப்பில் பொதுவான வயது வரம்பு பணியாளருக்கு 25 முதல் 35, உதவியாளருக்கு 20 முதல் 40. நாற்பத்தைந்து வயதுப் பெண் எத்தனை பிள்ளைகளை வளர்த்திருந்தாலும் இந்தப் பொது வரம்பின்படி விண்ணப்பிக்க வழியில்லை.

வீட்டுக்குள் நடப்பதை எப்படித் தொழிலாகக் கணக்கிடுவது என்று கேட்பவர்களுக்குத் தென்காசி வட்டாரமே பதில் சொல்லும். மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்களும் வீட்டில்தான் வேலை செய்கிறார்கள். பீடித் தொழிலுக்கு 1977-ல் வருங்கால வைப்பு நிதி நீட்டிக்கப்பட்டது. வீட்டிலிருந்து சுற்றுபவர்களுக்கும் அது பொருந்தும் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25-ல், அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை பெறத் தகுதியுடையவர்கள், அவர்கள் பெறும் மதிப்பூதியமும் ஊதியமே என்றது. பீடியைப் போலவே இங்கும் செய்த வேலை மாறவில்லை, சட்டம் அதற்கு வைத்த பெயர்தான் மாறியது.

வயதானவர்களுக்குத் தெம்பு போதாது என்பது அடுத்த மறுப்பு. ஓடியாடும் இரண்டு வயதுப் பிள்ளையின் பின்னால் ஓட இளையவர் வேண்டும்தான். ஆனால் கைக்குழந்தையின் அழுகையில் பசி எது, வயிற்றுவலி எது என்று பிரித்தறிவதற்கும் புதிதாக வந்தவருக்குப் பழக்கிக் கொடுப்பதற்கும் முதிர்ந்தவரே தேவை. நடுத்தரக் குடும்பங்களால் கூடுதல் சம்பளம் தர இயலாது என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதை மறுக்க முடியாது. அதனால்தான் முழுச் சுமையையும் குடும்பத்தின் தலையில் வைக்காமல் அரசு பங்கேற்க வேண்டும் என்கிறோம். அங்கன்வாடியோடு குழந்தைக் காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் பால்னா திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-ல் அமைந்த நல வாரியம் இருக்கிறது. அவர்களுக்கென 2018-ல் அறிவித்த குறைந்தபட்சக் கூலியும் இருக்கிறது.

தென்காசி தனி மாவட்டமானது 2019-ல். புதிய மாவட்டம் இதில் முன்மாதிரியாகலாம். பிள்ளை பார்க்கும் ஒவ்வொரு பெண்ணையும் ஊராட்சிதோறும் நல வாரியத்தில் பதிவு செய்யட்டும். காப்பகப் பணிக்கு வயது வரம்பைத் தளர்த்தி, அனுபவத்தைத் தகுதியாக ஏற்கட்டும். நம் பிள்ளைகளின் கழுத்தைத் தாங்கிய கைகள் முதுமையில் யாரிடமும் ஏந்தி நிற்கக் கூடாது.