லெவிட்டவுன் பள்ளிகளும் உழவர் காலத்து எல்லைக்கோடும்

1947 அக்டோபர் 1-ஆம் தேதி, நியூயார்க் நகருக்குக் கிழக்கே லாங் ஐலண்டில், அதுவரை உருளைக்கிழங்கு பயிரிட்டுவந்த நிலத்தில் எழுந்த புது வீடுகளுக்கு முன்னாள் போர்வீரர்களின் குடும்பங்கள் குடிவரத் தொடங்கின. நூற்புழுவால் விளைச்சல் கெட்டிருந்ததால் விவசாயிகள் நிலத்தை விற்கத் தயாராக இருந்தார்கள். லெவிட் அண்ட் சன்ஸ் நிறுவனம் வாங்கியது. மாத வாடகை 60 டாலர். 1949-இல் விற்பனைக்கு வந்த வீட்டின் விலை 7,990 டாலர். போரில் பணியாற்றியவர்கள் முன்பணம்கூடக் கட்ட வேண்டியதில்லை. 1951-க்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்துவிட்டன. அமெரிக்கப் புறநகர் என்றதும் ஆய்வாளர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் லெவிட்டவுன் பிறந்த கதை இதுதான்.

அந்த வீடுகளைப் பற்றியும் அவற்றைக் கட்டிய வேகத்தைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆனால் புறநகர் வாழ்க்கையின் அடித்தளத்தைக் காட்டுவது லெவிட்டவுன் பள்ளிகளின் வரலாறே என்பது என் கருத்து. நிறுவனத்தை நடத்திய லெவிட் தெரு போட்டார், நீச்சல் குளம் வெட்டினார், கடைவீதி அமைத்தார், பள்ளிக்கு இடமும் ஒதுக்கினார். பள்ளி மாவட்ட எல்லை மட்டும் அவர் போட்டதல்ல. உழவர்கள் வாழ்ந்த காலத்தில் போடப்பட்டு அப்படியே நின்றது. பள்ளிக்கு எவ்வளவு பணம் வரும், எந்தக் குழந்தை எந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காரும், நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கும் என்பவற்றையெல்லாம் அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு அந்தக் கோடுதான் தீர்மானித்தது.

நியூயார்க் மாநிலம் 1812-இல் இயற்றிய பொதுப் பள்ளிச் சட்டம் ஊர்களைச் சிறு சிறு பள்ளி மாவட்டங்களாகப் பிரித்தது. குழந்தை நடந்து போய் வரக்கூடிய தூரத்தில் ஓரறைப் பள்ளி ஒன்று இருக்க வேண்டும். அதன் செலவில் பெரும்பங்கை அந்த வட்டாரத்துக்காரர்களே ஏற்க வேண்டும். 1853-இல் வந்த இன்னொரு சட்டம், பக்கத்து மாவட்டங்கள் இணைந்து சொத்து வரி விதித்துக் கட்டணமில்லாப் பள்ளிகளை நடத்த வழி செய்தது. ‘யூனியன் ஃப்ரீ ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்ற பெயர் லெவிட்டவுனில் இன்றும் வழங்குவது அதனால்தான். நம் ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. பள்ளி இருக்கும் தெருவில் ஓட்டு வீடு இருக்கிறதா மாடி வீடு இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறுவதில்லை. அமெரிக்காவில் மாறும். இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் அங்குள்ள புறநகர்ப் பள்ளிகளின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

நாடு முழுவதும் 1939–40-இல் ஏறத்தாழ 1,17,000 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. கிராமப்புறங்களில் ஓரறைப் பள்ளிகளை இணைத்து இணைத்து 1970 வாக்கில் அவற்றை 18,000 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பெருநகரங்களைச் சுற்றிய புறநகர்களிலோ பல இடங்களில் கோடுகள் அசையவில்லை. நகரத்தோடு சேராமல் தனித்து நிற்பதே புறநகரின் விருப்பமாக இருந்தது. பாஸ்டனோடு இணைய 1873-இலேயே மறுத்த புரூக்லைன் அதற்கு முன்னோடி. லெவிட்டவுன் அமைந்த நாசோ கவுண்டியில் மட்டும் இன்று 56 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. லெவிட்டவுன் என்ற ஒரே குடியிருப்பின் பிள்ளைகளும் ஒரே மாவட்டத்தில் இல்லை. ஒரு பகுதியினர் லெவிட்டவுன் மாவட்டத்திலும், இன்னொரு பகுதியினர் அந்த நிலத்தின் பழைய பெயரைத் தாங்கிய ஐலண்ட் ட்ரீஸ் மாவட்டத்திலும், ஓரங்களில் உள்ளவர்கள் பக்கத்து ஊர் மாவட்டங்களிலும் படிக்கிறார்கள். அடுத்தடுத்து ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஆனால் பள்ளி வேறு, வரி வேறு.

1950-களில் இந்தப் பள்ளிகள் திணறின. குடிவந்தவர்கள் பெரும்பாலும் இளந்தம்பதிகள். வீட்டுக்கு இரண்டு மூன்று குழந்தைகள். கட்டடம் எழுவதற்குள் வகுப்பு நிரம்பிவிடும். காலையில் ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட் என்று பள்ளி நடத்த வேண்டியிருந்தது. ஆனால் நெரிசல் காலப்போக்கில் குறையக்கூடிய சிக்கல். வரிக் கணக்கு அப்படியல்ல. ஒரு வீட்டின் மதிப்பு 9,000 டாலர், அதில் பள்ளி போகும் பிள்ளைகள் மூவர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை ஒன்றுக்கு வரி விதிக்கக் கிடைப்பது 3,000 டாலர் சொத்துதான். பக்கத்து மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலையோ பெரிய அங்காடியோ இருந்தால், பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பாமலே அது வரி கட்டும். அங்கே வரி விகிதம் பாதியாக இருந்தாலும் பள்ளிக்கு இரட்டிப்புப் பணம் சேரக்கூடும். லெவிட்டவுனில் தொழிற்சாலை இல்லை. வீடுகளை மலிவாக, நெருக்கமாக, குடும்பங்களுக்கென்றே கட்டியதால் அந்த ஊருக்குக் கிடைத்த பெருமையே அதன் பள்ளிகளுக்குப் பற்றாக்குறையாக வந்து விடிந்தது.

இந்தப் பற்றாக்குறையை ஒவ்வோர் ஆண்டும் ஊரார் நேருக்கு நேர் சந்தித்தார்கள். அமெரிக்கர் ஒருவர் தன் வரி எவ்வளவு என்று தானே வாக்களித்துச் சொல்லக்கூடிய இடங்கள் மிகக் குறைவு; நியூயார்க் புறநகர்களில் பள்ளி பட்ஜெட் அவற்றில் ஒன்று. மற்ற விலைவாசி மீதான கோபமும் அங்கே வந்து கொட்டும். நியூ ஜெர்சியில் லெவிட் கட்டிய ஊரில் 1958 முதல் இரண்டாண்டு குடியிருந்து ஆய்வு செய்த சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ், பள்ளிச் செலவை ஒட்டி அங்கே நடந்த பூசல்களை 1967-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கல்லூரிக்கு அனுப்பும் தரம் வேண்டும் என்ற பெற்றோர் ஒருபுறம். வரி கட்ட முடியவில்லை என்ற பெற்றோர் மறுபுறம். இரு சாராரும் பிள்ளைகளுக்காகவே பேசினார்கள் என்பதை ஆய்வாளர் மறந்துவிடக் கூடாது.

அந்த வகுப்பறைகளில் யார் இல்லை என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. லெவிட்டின் வாடகை ஒப்பந்தத்தில் 25-ஆம் விதி, வெள்ளையர் அல்லாதோர் வீட்டில் குடியிருக்கக் கூடாது என்றது; வேலைக்காரராக இருக்கலாம் என்று விலக்கும் அளித்தது. அன்றைய கூட்டாட்சி வீட்டுக்கடன் விதிமுறைகளும் அதற்கு அனுசரணையாகவே இருந்தன. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் செயல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்த பிறகும் நடைமுறை மாறவில்லை. தெற்கு மாநிலங்களைப் போலப் பள்ளியில் நிறப் பாகுபாட்டுச் சட்டம் லாங் ஐலண்டில் தேவைப்படவே இல்லை. வீட்டை மறுத்தாலே போதும். பள்ளி தானாக வெள்ளையர் பள்ளியாகிவிடும். பள்ளிகளில் நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் அளித்த பிரௌன் தீர்ப்பால் லெவிட்டவுன் வகுப்பறைகளில் எதுவும் மாறவில்லை. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள ரூஸ்வெல்ட் பள்ளி மாவட்டம் அடுத்த இருபது ஆண்டுகளில் கறுப்பினக் குடும்பங்களின் மாவட்டமாகியது. லெவிட்டவுனுக்கு இருந்த அதே நோய், தொழிலும் வணிகமும் இல்லாத வரித்தளம், அங்கே இன்னும் கொடியதாக இருந்தது. 2002-இல் மாநில அரசே அந்த மாவட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

1974-இல் லெவிட்டவுன் பள்ளி வாரியமும் வேறு பல மாவட்டங்களும் சேர்ந்து மாநிலக் கல்வி ஆணையர் ஈவால்ட் நைக்விஸ்ட் மீது வழக்குத் தொடுத்தன. காலம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. முந்தைய ஆண்டுதான் டெக்சாஸின் எட்ஜ்வுட் மாவட்டத்துப் பெற்றோர் தொடுத்த ரோட்ரிகெஸ் வழக்கில், பள்ளி நிதி ஏற்றத்தாழ்வு கூட்டாட்சி அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கூறியிருந்தது. வழக்குத் தொடுத்த அதே 1974-இல் டெட்ராய்ட் பற்றிய மில்லிகன் தீர்ப்பு வந்தது. நகரப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் கலந்து படிக்கவைக்க நீதிமன்றங்கள் பொதுவாக மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்றது அது. ஆகவே லெவிட்டவுன் மாநில அரசியல் சட்டத்தையே பெரிதும் நம்பியது. மாநிலத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாப் பள்ளிகளைப் பேணுவது மாநிலத்தின் கடமை என்ற பிரிவு அதில் 1894 முதல் இருக்கிறது. நியூயார்க், பஃபலோ, ராச்செஸ்டர், சிரக்யூஸ் ஆகிய பெருநகரங்களும் வழக்கில் சேர்ந்துகொண்டன. வரித்தளம் குறைந்த புறநகரும் செலவு மிகுந்த பெருநகரமும் ஒரே பக்கம் நின்ற அரிய தருணம் அது.

1978-இல் விசாரணை நீதிபதி கிங்ஸ்லி ஸ்மித் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். ஆனால் அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் லெவிட்டவுன் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது வாரக்கணக்கில் நீண்டது. வேலைநிறுத்தம் செய்த நாள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் சம்பளம் பிடித்தம் செய்ய மாநிலச் சட்டம் இடமளித்தும் அவர்கள் பின்வாங்கவில்லை. நீதிமன்றத்தில் வென்ற மாவட்டமும் அதன் ஆசிரியர்களும் சம்பள மேசையில் எதிரெதிராக உட்கார வேண்டியிருந்தது. குறைந்த பணத்தை வைத்து ஒருவரோடு ஒருவர் மோதவிடுவது இந்த நிதிமுறையின் இயல்பு.

1982 ஜூனில் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை அது மறுக்கவில்லை. உள்ளூரார் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தும் உரிமையைக் காக்க இந்த நிதிமுறை பொருத்தமானதே என்றது. நீதிபதி ஜேக்கப் ஃபுக்ஸ்பெர்க் மாறுபட்டார்.

அதே ஜூன் மாதம், அதே குடியிருப்பிலிருந்து கிளம்பிய இன்னொரு வழக்கில் வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளூர் உரிமை எந்த அளவுக்குப் போக முடியும் என்பதை அது காட்டியது. 1975 நவம்பரில் ஓர் இரவு, ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரிய உறுப்பினர் இருவர் இரவுக் காவல் பணியாளரிடம் சொல்லி உயர்நிலைப் பள்ளி நூலகத்தைத் திறக்கச் செய்தார்கள். பழமைவாதப் பெற்றோர் அமைப்பு ஒன்றின் கூட்டத்திலிருந்து கொண்டுவந்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூலக அட்டைகளைப் புரட்டினார்கள். பட்டியலில் இருந்த ஒன்பது நூல்கள் அங்கே இருந்தன. கர்ட் வானகட், ரிச்சர்ட் ரைட், பெர்னார்ட் மாலமுட், பிரி தாமஸ் எழுதியவையும் லாங்ஸ்டன் ஹ்யூஸ் தொகுத்த கறுப்பின எழுத்தாளர் சிறுகதைகளும் விலக்கப்பட்ட நூல்களில் அடக்கம். சில நூல்களை வைத்துக்கொள்ளலாம் என்று வாரியமே அமைத்த குழு பரிந்துரைத்தும் வாரியம் கேட்கவில்லை.

பதினேழு வயது மாணவர் ஸ்டீவன் பிக்கோவும் வேறு நான்கு மாணவர்களும் 1977-இல் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு நூலின் கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகவே அதைப் பள்ளி நூலகத்திலிருந்து வாரியம் அகற்ற முடியாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன் எழுதினார். முழுப் பெரும்பான்மை அவர் கருத்துக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் நின்றது தீர்ப்பு. புத்தகங்கள் நூலகத்துக்குத் திரும்பின.

இது தற்செயலாக வெடித்த பூசல் அல்ல. 1950-களின் நடுவிலேயே லெவிட்டவுன் வாரியம், லிங்கனின் இறுதி ஊர்வல ரயிலைப் பாடும் ‘த லோன்சம் டிரெயின்’ என்ற இசைத்தட்டை, அதை ஆக்கியவர்கள் கம்யூனிஸ்டுகள் என்ற குற்றச்சாட்டின் பேரில் வகுப்பறையிலிருந்து விலக்கியிருந்தது. சில ஆயிரம் பேர் வாக்களிக்கும் சிறு தேர்தலில் ஒரு குழு வென்றால் பாடத்திட்டமே ஆட்டம் காணும். இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு முரண் தெரியும். உள்ளூர் உரிமை என்ற பெயரில் லெவிட்டவுன் பிள்ளைகளுக்குப் பணம் மறுக்கப்பட்டது. அதே பெயரில் ஐலண்ட் ட்ரீஸ் பிள்ளைகளுக்குப் புத்தகம் மறுக்கப்பட்டது. நீதிமன்றங்கள் பின்னதைத் தடுத்தன, முன்னதை அனுமதித்தன. இரண்டில் அதிகக் குழந்தைகளைப் பாதித்தது பணம்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதற்குள் பிள்ளைகள் குறையத் தொடங்கியிருந்தார்கள். முதல் குடியேறிகளின் குழந்தைகள் வளர்ந்து போனார்கள்; பெற்றோர் அதே வீட்டில் முதுமையடைந்தார்கள். 1980-களில் லெவிட்டவுன் மெமோரியல் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. டிவிஷன் அவென்யூ, மக்கார்தர் என்னும் இரு உயர்நிலைப் பள்ளிகள் தொடர்கின்றன.

தோற்ற வழக்கு வேறொரு வழியில் பலன் தந்தது. 1982 தீர்ப்பு போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருந்தது: மாநிலம் சமமான பணம் தர வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் உருப்படியான அடிப்படைக் கல்வியைத் தர வேண்டும் என்று. நியூயார்க் நகரப் பெற்றோர் அதைப் பிடித்துக்கொண்டு 1990-களில் புதிய வழக்கை நடத்தினார்கள். தலைமை நீதிமன்றம் 1995-இல் அந்த வழக்கை அனுமதித்து, 2003-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2007-இல் மாநிலச் சட்டமன்றம் தேவையை அடிப்படையாகக் கொண்ட புதிய உதவி வாய்பாட்டை இயற்றியது. நிதி நெருக்கடியைக் காட்டிப் பல ஆண்டுகள் இழுத்தடித்து, 2023–24-இல்தான் அது முழு அளவில் வழங்கப்பட்டது. 1974-இல் லெவிட்டவுன் வழக்குப் போட்டபோது முதல் வகுப்பில் இருந்த குழந்தைக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

பணத்தின் வாய்பாடு மாறியது, எல்லைக்கோடு மாறவில்லை. 2024-இல் மாநிலக் கல்வித் துறை, மாவட்டங்கள் வசதிகளைப் பகிர்ந்துகொள்ளத் திட்டமிட வேண்டும் என்று சொன்னதற்கே லாங் ஐலண்ட் மாவட்டங்கள் பல கொதித்தெழுந்தன. விருப்பம் உள்ளவர்கள் மட்டும் செய்யலாம் என்று துறை விளக்கம் தர வேண்டியதாயிற்று. இன்று அங்கே வீடு தேடும் நம் தமிழ்க் குடும்பங்களும் முதலில் கேட்பது எந்தப் பள்ளி மாவட்டம் என்றுதான். வீட்டு விலைக்குள்ளேயே பள்ளியின் விலை இருப்பதால் அந்தக் கோட்டின் மீது கை வைக்க யாரும் சம்மதிப்பதில்லை.

கோட்டை அழிக்காமலே அதன் கூர்மையை மழுக்க முடியும் என்பதற்கு மினசோட்டா சான்று. மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களைச் சுற்றிய ஏழு கவுண்டிகளில், 1971-இல் இயற்றிய சட்டத்தின்படி, தொழில், வணிகச் சொத்து மதிப்பின் வளர்ச்சியில் 40 விழுக்காடு பொதுத் தொகுப்புக்குப் போகிறது. அங்கிருந்து அது வட்டாரம் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. பள்ளி மாவட்டங்களும் அதில் பங்கு பெறுகின்றன. பள்ளிகளும் வாரியங்களும் தேர்தல்களும் முன்போலவே இருக்கின்றன. நாசோ கவுண்டியின் பேரங்காடிகளும் அலுவலகக் கட்டடங்களும் அன்றே இப்படியொரு தொகுப்புக்கு வரி கட்டியிருந்தால், அதிலிருந்து முதல் பங்கு ரூஸ்வெல்டுக்கும் அடுத்தது லெவிட்டவுனுக்கும் போயிருக்க வேண்டும்.