அந்தமான் மீன்பிடி கருவிச் சொற்கள்: வரலாறும் தமிழாக்கமும்

முன்னுரை

ஒரு மக்கள் கூட்டம் எந்த நீரில், எந்த மீனை, எக்கருவியால் பிடித்தது என்பது பண்பாட்டு வரலாற்றுக்கு மட்டுமன்றிச் சொல் வரலாற்றுக்கும் உரிய வினாவாகும். அந்தமான், நிக்கோபார்த் தீவுகளைப் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டு அகராதிகளையும் இனவரைவியல் நூல்களையும் தமிழில் பெயர்க்க முனைவோர், மீன்பிடித்தல் பற்றிய பகுதிகளை எய்தும்போது 'தூண்டில்', 'இரை' என்னும் இரு சொற்களை இயல்பாகவே கையாள நேரும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆதலின் இத்தகைய தமிழாக்கம் அங்கேயே வாசகரைப் பெறக்கூடியது. அவ்விரு சொற்களும் அத்தீவுகளின் பழைய வாழ்க்கைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பதிவுகளின் வரலாறு

1858இல் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்ட பின்னரே அந்தமான் மொழிகள் முறையாகப் பதிவு பெறத் தொடங்கின. டி ரோப்ஸ்டார்ஃப் 1875இல் அந்தமான், நிக்கோபார்ச் சொற்றொகுதி ஒன்றை வெளியிட்டார். எம்.வி. போர்ட்மன் 1887இலும் 1898இலும் அந்தமான் மொழிகள் பற்றிய நூல்களை வெளியிட்டார். இ.எச். மேன் நிக்கோபாரின் நான்கௌரி மொழிக்கு 1889இல் அகராதி தந்தார். தென் அந்தமானின் அகா-பேயா மொழிக்கு அவர் தொகுத்த அகராதி 1923இல் நூலாயிற்று. ராட்கிளிஃப்-பிரௌன் 1906 முதல் 1908 வரை களப்பணி செய்து 1922இல் தம் நூலை வெளியிட்டார்.

அகா-பேயா மொழியைப் பேசுவோர் இன்று எவருமிலர். போ மொழியின் இறுதிப் பேச்சாளரான மூதாட்டி போவா 2010ஆம் ஆண்டு சனவரியில் மறைந்தார். பேசுவோர் மறைந்த பின் அகராதியே சான்றாக எஞ்சுகின்றது. அந்நிலையில் பெயர்ப்பில் நேரும் பிழையைத் திருத்துதற்குக் கேட்டறியத்தக்கார் எவருமில்லை. இச்சிக்கலின் முதன்மை இதனால் புலனாகும்.

நீரும் கருவியும்

பெரிய அந்தமான் மக்கள் பண்டு தூண்டிலைக் கையாண்டிலர் என்பதும், முள்ளும் கயிறும் வெளியார் தொடர்பால் பின்னர் வந்தவை என்பதும் பழைய பதிவுகளால் அறியப்படும். அவர்தம் கருவித் தேர்வை நீரின் இயல்பே வரையறுத்தது. நீர் வற்றும் வேளையில் பவளப்பாறைத் திட்டுகளின் மேல் தெளிந்த நீர் ஆழமின்றி நிற்கும். அங்கு ஆடவர் நின்று வில்லால் மீனை எய்தனர். பாறைக் குழிகளிலும் கரையோரக் கழிகளிலும் மகளிர் கைவலையால் மீனையும் இறாலையும் அரித்தெடுத்தனர். ஆமை, கடற்பசு, பெருமீன் ஆகியவற்றைத் தோணியிலிருந்து எறிபடையால் வீழ்த்தினர். நீண்ட மூங்கிற் காம்பின் நுனியில் கழன்று செல்லும் இரும்பு முனையும், அம்முனையோடு பிணைத்த கயிறும் உடையது அப்படை.

இம்மூன்று முறைகளிலும் மீனை ஈர்க்கும் பொருள் எதுவும் இல்லை. மீனைக் காண்பதே தொழிலின் அடிப்படை, அதனை வரவழைப்பதன்று.

நிக்கோபார்த் தீவுகளின் நிலை வேறு. ஆஸ்திரோ-ஆசிய மொழியினரான அம்மக்கள் ஈட்டியும் கூடை வடிவப் பொறியும் கொண்டு மீன் பிடித்தனர். கடலோர மரம் ஒன்றின் கொட்டையை நசுக்கித் தேங்கிய நீரில் இட்டு மீனை மயக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. இக்கொட்டையை 'இரை' எனப் பெயர்த்தல் பொருந்தாது. அது மீன் உண்ணுதற்கு இடும் உணவன்று, நீரில் கலக்கும் நஞ்சு. தமிழகத்தில் காக்கைக்கொல்லி விதை இவ்வாறே பயன்பட்டமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

தமிழ்ச் சொற்களின் பொருட்பரப்பு

தமிழில் 'இரை' என்னும் சொல் இரு திசையில் இயங்குவது. விலங்கு கொன்று தின்பதும் இரை. மீனைக் கவர முள்ளில் கோப்பதும் இரை. அம்பால் எய்யும் மரபில் மீனே இரை. தூண்டில் மரபில் மீனுக்கு இடும் இறாலோ புழுவோ இரை. அந்தமான் பனுவல் ஒன்றில் 'இரை தேடிச் சென்றனர்' எனப் பெயர்த்தால், தூண்டில் மரபில் ஊறிய வாசகர் அதனைத் தூண்டிலுக்குரிய இறாலைத் தேடியதாகக் கொள்ளலாம். 'வேட்டைமீன்' என்றோ, வெறுமனே 'மீன்' என்றோ எழுதின் இம்மயக்கம் நீங்கும்.

தூண்டிலின் உறுப்புப் பெயர்களும் இத்தகையனவே. மீனவர் வழக்கில் தூண்டிற் கயிறு 'நரம்பு' எனப்படும். கொக்கி 'முள்' எனப்படும். உடலின் நரம்பும் யாழின் நரம்பும் நைலான் இழையும் ஒரு சொல்லால் குறிக்கப்பெறுகின்றன. மீனின் எலும்பும் அதனைப் பிடிக்கும் கொக்கியும் ஒருங்கே முள்ளாகின்றன. தமிழிலிருந்து பிறமொழிக்குப் பெயர்ப்போர்க்கு இவை எச்சரிக்கையாக அமையும்.

மறுபுறம், அந்தமான் கருவிகளுக்குத் தமிழில் பொருத்தமான பழஞ்சொற்கள் உள்ளன. குறுந்தொகை 304ஆம் பாட்டிலும் அகநானூறு 210ஆம் பாட்டிலும் பரதவர் 'எறியுளி' கொண்டு பெருமீனைத் தாக்குதல் கூறப்படுகிறது. முன்னதில் அதன் காம்பு உலர்ந்த மூங்கில் எனவும் சுட்டப்பெறுகிறது. தோணியினின்று எறியும் அந்தமான் படைக்கு 'ஈட்டி' என்பதினும் 'எறியுளி' என்பதே நெருங்கிய சொல். நிக்கோபார்ப் பொறிக்குப் 'பறி', 'கூடு' என்பன உள. கரையோர நீர்நிலைக்குக் 'கழி' என்பது தகும். உவர்நீர்ப் பரப்பைப் பழவேற்காட்டில் 'ஏரி' என வழங்கினும், பெயர்ப்பில் அச்சொல் நன்னீரையே நினைவூட்டும்.

இலக்கணமும் கருதத்தக்கது. பெரிய அந்தமான் மொழிகளில் உடற்பகுதி அடிப்படையிலான முன்னொட்டுகள் சொற்களை வகைப்படுத்துகின்றன என்பதை அன்விதா அப்பி 2013இல் வெளியிட்ட இலக்கண நூலில் விரிவாக நிறுவியுள்ளார். 'அகா' என்பது வாயைச் சார்ந்த முன்னொட்டு. அதனாலேயே மொழிப்பெயரில் அது நிற்கிறது. இம்முன்னொட்டுகள் பொருள்களின் உறுப்புகளைச் சுட்டும் சொற்களிலும் வருதலின், 'முனை', 'காம்பு' போன்ற பெயர்களைப் பெயர்ப்போர் முன்னொட்டை விலக்காது குறித்துக்காட்டுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். தூண்டில் இல்லாத மரபைத் தூண்டிற் சொற்களால் பெயர்ப்பது, அம்மக்கள் அறியாத கருவியை அவர் கையில் கொடுப்பதாகும். 'மீன்பிடித்தல்' என்னும் பொதுச்சொல்லுக்கு மாற்றாக எய்தல், அரித்தல், எறிதல், மயக்குதல் என வினையை வேறுபடுத்தி எழுதுதல் வேண்டும். இவற்றுக்குரிய சொற்களைப் புதிதாகப் படைக்க வேண்டுவதில்லை. சங்கப் பாடல்களிலும் இன்றைய கடற்கரை மக்கள் பேச்சிலும் அவை கிடைக்கின்றன. அகராதியைத் திறக்கும் முன் மீனவரை வினவுதல் மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்தரும்.