இளைய அணியும் அதன் பயிற்றுநரும்: ஓக்லஹோமா தண்டர் வரலாற்றிலிருந்து சில சிந்தனைகள்



நம் தமிழ்ப்பள்ளித் திடல்களில் பந்து என்றால் ஆண்பிள்ளைகளுக்குக் காற்பந்து, பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து. கூடைப்பந்தைச் சீனப்பள்ளி மாணவர்களின் விளையாட்டாகவே நம்மில் பலர் எண்ணி வந்துள்ளோம். ஆயினும் இம்முறை ஓர் அமெரிக்கக் கூடைப்பந்து அணியின் வரலாற்றை எழுத விழைகிறேன். அதற்குக் காரணம் உண்டு. இருபது வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்த சில இளைஞர்களை ஒருவர் ஏழு பருவங்கள் பயிற்றுவித்தார். அவர்களுள் மூவர் பின்னாளில் என்.பி.ஏ. எனும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றனர். பயிற்றுவித்தவரோ பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் நல்ல பயிற்றுநரா, அல்லரா என்னும் வழக்கு இன்றளவும் தீர்ந்தபாடில்லை. பிறர் பிள்ளைகளை ஆண்டு முழுதும் வளர்த்துவிட்டு இறுதியில் தேர்ச்சி விழுக்காட்டால் அளக்கப்படும் நமக்கு இவ்வழக்கு அந்நியமானதன்று.

2008-ஆம் ஆண்டில் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் என்னும் அணி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆடிய ஊரை விட்டு ஓக்லஹோமா சிட்டிக்குக் குடிபெயர்ந்து, ‘தண்டர்’ எனப் புதுப்பெயர் சூட்டிக்கொண்டது. புது ஊரில் முதல் 13 ஆட்டங்களில் அது வென்றது ஒன்றே ஒன்று. தலைமைப் பயிற்றுநர் பி.ஜே. கார்லெசிமோ நீக்கப்பட்டு, துணைப் பயிற்றுநராக இருந்த ஸ்காட் புரூக்ஸ் தற்காலிகமாக அமர்த்தப்பட்டார். இவர் ஆட்டக்காரராக இருந்த காலத்தில் குள்ளமானவர். புதியோர் தேர்வில் எந்த அணியாலும் தெரிவு செய்யப்படாதவர். முட்டி மோதி உள்ளே நுழைந்து, 1994-இல் வாகை சூடிய ஹூஸ்டன் அணியில் ஓர் உறுப்பினராக இருந்தார். இயல்பான திறமையைக் காட்டிலும் விடாமுயற்சியால் பிழைத்தவர் என்பதை மனத்தில் கொண்டால் பின்னால் வருபவை எளிதில் விளங்கும்.

புரூக்ஸ் உடனடியாகச் செய்த மாற்றம் ஒன்று உண்டு. கெவின் டுராண்ட் என்னும் நெடிதுயர்ந்த இளைஞரை முந்தைய பயிற்றுநர் பின்களத்தில், அதாவது தொலைவிலிருந்து பந்தெறியும் காவலர் இடத்தில் ஆடவைத்திருந்தார். புரூக்ஸ் அவரை முன்களத்துக்கு மாற்றினார். பிள்ளையைச் சரியான நாற்காலியில் அமர்த்துவதே பாதிக் கல்வி என்பார்கள் அல்லவா, அதைப் போன்றது இது. 2009-10 பருவத்தில், தம் 21-ஆம் வயதில், டுராண்ட் ஆட்டத்துக்குச் சராசரி 30.1 புள்ளி எடுத்து, அப்போட்டியின் வரலாற்றிலேயே மிக இளைய புள்ளி முதல்வரானார். முந்தைய பருவத்தில் 23 ஆட்டங்களில் மட்டுமே வென்று 59-இல் தோற்ற அணி, அப்பருவத்தில் 50 ஆட்டங்களில் வென்றது. புரூக்ஸுக்கு ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது கிடைத்தது.

ஆனால் அந்த இடமாற்றத்தால் வேறோர் இடத்தில் பள்ளம் விழுந்தது. முன்களத்தில் மூவர் உண்டு: விரைந்து ஓடும் சிறு முன்னணியாளர், கூடையருகே மல்லுக்கு நிற்கும் பெரு முன்னணியாளர், அனைவரினும் உயரமான நடு ஆட்டக்காரர். டுராண்ட் முதலாம் இடத்துக்கு வந்ததும் அங்கிருந்த ஜெஃப் கிரீன் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். அவ்விடத்துக்கு அவருடைய உடற்கட்டு போதவில்லை. 2010-இல் முதற்சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியுடன் மோதியபோது இக்குறை வெளிப்பட்டது. ஆறாம் ஆட்டத்தின் கடைசி நொடியில் கோபி பிரையண்ட் எறிந்து தவறிய பந்தை, பாவ் கசோல் கூடையருகே பற்றித் திரும்ப உள்ளே போட்டார். 95-94. ஒரே புள்ளியில் பருவம் முடிந்தது. உயரமும் பருமனும் கொண்ட ஒருவர் அங்கே நின்றிருந்தால் என்ற பேச்சு அதன்பின் எழாமலா இருக்கும்?

2011 பிப்ரவரி 24-இல் நிர்வாகம் அதற்கு மருந்து தேடியது. கிரீனைப் போஸ்டனுக்கு அனுப்பிவிட்டு, 2008-இல் அங்கே வாகை சூடிய கென்ட்ரிக் பெர்கின்ஸ் என்னும் பாறை போன்ற நடு ஆட்டக்காரரைப் பெற்றுக்கொண்டது. அவருக்குப் பக்கத்தில் செர்ஜ் இபாக்கா நிறுத்தப்பட்டார். காங்கோவில் பிறந்த இவர் 2011-12 பருவத்தில் எதிரணியின் எறிதல்களைத் தடுத்தடித்ததில் முதலிடம் பெற்றவர். பந்தை நடத்திச் செல்ல ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் இருந்தார். மாற்று ஆட்டக்காரராக ஜேம்ஸ் ஹார்டன் இறங்கினார். 2012 ஜூனில் அணி இறுதிச்சுற்றை எட்டியபோது டுராண்டுக்கும் வெஸ்ட்புரூக்குக்கும் வயது 23. ஹார்டனுக்கும் இபாக்காவுக்கும் 22. நம் பயிற்சி ஆசிரியர்களின் வயது!

இனிக் குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். முதலாவது, தாக்குதல் ஆட்டத்தைப் பற்றியது. புரூக்ஸிடம் திட்டமே இல்லை. ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு தனியாக மோதுவார், மற்ற நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள் என்றனர் விமர்சகர்கள். இதற்குச் சான்றும் உண்டு. 2011-12 பருவத்தில், சக ஆட்டக்காரருக்குப் பந்தைக் கொடுத்துப் புள்ளி எடுக்க வைப்பதில் இந்த அணி என்.பி.ஏ. அணிகள் அனைத்திலும் கடைசி. வியப்பு என்னவென்றால், கையில் கிடைத்த வாய்ப்புகளைப் புள்ளியாக்கும் திறனில் அதே அணி அதே பருவத்தில் சான் அன்டோனியோவுக்கு அடுத்து இரண்டாம் இடம். ஆக, அது பார்வைக்கு அழகற்ற ஆட்டமாக இருந்தாலும் பலன் தராத ஆட்டமன்று. இக்குற்றச்சாட்டைப் பாதிதான் ஏற்கிறேன். மூன்று அரிய திறமையாளர்களை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அசைவையும் எழுதிக் கொடுத்தால் அவர்கள் எப்போது தாமாகச் சிந்திப்பது?

மறுபாதியும் உண்மையே. நெருக்கடி வந்தபோது அவர்களிடம் பழகிய வழி வேறு இருக்கவில்லை. 2011 மேற்கு மண்டல இறுதியின் நான்காம் ஆட்டத்தில், ஏறத்தாழ 5 நிமிடமே எஞ்சியிருக்க, டல்லஸ் அணியை விட 15 புள்ளி முன்னிலையில் இருந்தனர். அந்த 5 நிமிடங்களில் எதிரணிக்கு இவர்களுடைய அடுத்த நகர்வு முன்கூட்டியே தெரிந்தது. கூடுதல் நேரத்தில் 112-105 எனத் தோற்றனர். கட்டுரையைச் சொந்தமாக எழுத மாணவனுக்கு விடுதலை கொடுத்துவிட்டு, சட்டகம் போடக் கற்றுக்கொடுக்க மறந்த நிலைதான் அது.

இரண்டாவது குற்றச்சாட்டு முன்கள வரிசையைப் பற்றியது. என் பார்வையில் இதுவே கனமானது.

முதலில் புரூக்ஸின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 2012 மேற்கு மண்டல இறுதியில் சான் அன்டோனியோ அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்று, தொடர்ச்சியாக 20 வெற்றிகளோடு நின்றது. மூன்றாம் ஆட்டத்தில் புரூக்ஸ், நெடுங்கைகள் கொண்ட தாபோ செஃபலோஷாவை எதிரணியின் டோனி பார்க்கர் மீது ஏவினார். ஆட்டம் 102-82 எனத் திரும்பியது. நான்காம் ஆட்டத்தில் இபாக்கா எறிந்த 11 பந்துகளும் கூடைக்குள் விழுந்தன. இபாக்கா, பெர்கின்ஸ், மாற்று ஆட்டக்காரர் நிக் காலிசன் ஆகிய மூன்று பெரிய ஆட்டக்காரர்களும் சேர்ந்து 25 எறிதல்களில் 22-ஐ உள்ளே போட்டு 49 புள்ளி எடுத்தனர். புரூக்ஸுக்கு மாற்றமே தெரியாது என்பவர்கள் இத்தொடரை மறந்துவிடுகிறார்கள். அடுத்தடுத்து நான்கு வென்று அணி இறுதிச்சுற்றுக்குச் சென்றது.

இறுதியில் எதிரே நின்றது மயாமி ஹீட். முதல் ஆட்டத்தில் தண்டர் 105-94 என வென்றது. உடனே மயாமியின் பயிற்றுநர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா ஒரு முடிவெடுத்தார். காயத்திலிருந்து மீண்டு மாற்று ஆட்டக்காரராக ஆடிவந்த கிரிஸ் பாஷை இரண்டாம் ஆட்டத்தில் தொடக்க ஐவரில் நடு ஆட்டக்காரராக நிறுத்தினார். முன்களத்தில் லெப்ரான் ஜேம்ஸும், தொலைவிலிருந்து எறிவதில் வல்ல ஷேன் பாட்டியரும். பெரும்பாறை எவருமே இல்லாத, ஆடுகளத்தை அகல விரித்துவைத்த வரிசை. இதற்கு எதிரே பெர்கின்ஸின் வலிமைக்கு வேலை இல்லை. மோதித் தள்ளுவதற்குக் கூடையருகே ஆள் இல்லை. வெளியே ஓடிப்போய்த் தடுக்கக் கால்களில் வேகமும் இல்லை. இரண்டாம் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மயாமி 18-2 என முன்னேறியது. முடிவில் தண்டர் தோற்றது 100-96 என நான்கே புள்ளியில். தொடக்கப் பள்ளத்தின் ஆழத்தையும் முடிவின் வேறுபாட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் ஆட்டத்திலும் பெர்கின்ஸ்-இபாக்கா இணையே தொடங்கியது. நான்காம் ஆட்டத்திலும், ஐந்தாம் ஆட்டத்திலும் அப்படியே. இடையிடையே டுராண்டைப் பெரு முன்னணியாளராக்கிச் சிறிய வரிசையை இறக்கினார் என்பது உண்மை. ஆனால் தொடக்க ஐவரை அவர் தொடவில்லை. நான்காம் ஆட்டத்தில் வெஸ்ட்புரூக் தனியொருவராக 43 புள்ளி குவித்தும் 104-98 எனத் தோல்வி. ஐந்தாம் ஆட்டத்தில் மயாமியின் மைக் மில்லர் ஏழு மூன்று-புள்ளி எறிதல்களைப் போட, 121-106 எனத் தொடர் முடிந்தது.

ஏன் மாற்றவில்லை? பிடிவாதம் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. அந்தப் பிள்ளைகளை வளர்த்ததே அவருடைய மாறாத்தன்மைதான். தோற்றாலும் நாளை உன் இடம் உனக்கே என்னும் உறுதியை 2008-இலிருந்து அவர் கொடுத்து வந்தார். வெஸ்ட்புரூக் பந்தைத் தவறவிட்ட நாள்களிலெல்லாம் அவரை வெளியே அமர்த்தியிருந்தால் அந்த 43 புள்ளி வந்திருக்காது. இன்னார் தொடக்க ஆட்டக்காரர் என்பது அந்த அணியில் ஒரு வாக்குறுதி. இறுதிச்சுற்றின் நடுவில் பெர்கின்ஸை வெளியே அமர்த்துவது, பயிற்றுநர் தம் சொல்லைத் தாமே முறிப்பதற்கு ஒப்பாகும். வளர்க்கும்போது பலமாக இருந்தது, தேர்வு மண்டபத்தில் சுமையாயிற்று.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் வளர்ச்சியை அளக்கும் மதிப்பீடு, அடைவை அளக்கும் மதிப்பீடு என இரண்டைப் படித்தோம். தாளில் அவை தனித்தனியே அழகாக நிற்கும். 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்பட்ட பின்னும், “எத்தனை ஏ வரும், டீச்சர்?” என்னும் கேள்வி மட்டும் நிற்கவில்லை. புரூக்ஸையும் மக்கள் அப்படித்தான் கேட்டார்கள்: எத்தனை கிண்ணம்?

நீதி வழுவாமல் சொல்வதானால், அதன்பின் வந்த தோல்விகளை அவர் தலையில் ஏற்றுவது முறையன்று. 2012 அக்டோபரில் சம்பளப் பேச்சு ஒப்பந்தத்தில் முடியாமல், நிர்வாகம் ஹார்டனை ஹூஸ்டனுக்கு மாற்றிவிட்டது. அணியை அமைப்பவர் பயிற்றுநர் அல்லர். 2013-இல் முதற்சுற்றிலேயே வெஸ்ட்புரூக்குக்கு முழங்காலில் காயம். 2014 மண்டல இறுதியின் முதல் இரண்டு ஆட்டங்களில் இபாக்கா இல்லை. 2014-15 பருவத்தில் பாதக் காயத்தால் டுராண்ட் ஆடியது 27 ஆட்டங்களே. அப்படியும் அணி 45 ஆட்டங்களில் வென்று, சமநிலை விதியால் அடுத்த சுற்றை இழந்தது. 2015 ஏப்ரலில் புரூக்ஸ் நீக்கப்பட்டார். அவர் கணக்கில் 338 வெற்றி, 207 தோல்வி. அடுத்து வந்த பில்லி டோனவனின் அணி 2016-இல் கோல்டன் ஸ்டேட் அணியை 3-1 என மடக்கியும், எஞ்சிய மூன்று ஆட்டங்களையும் இழந்தது. அந்தக் கோடையில் டுராண்ட் அந்த எதிரணிக்கே சென்றுவிட்டார்.

தலைசிறந்த ஆட்டக்காரர் விருது டுராண்டுக்கு 2014-இலும், வெஸ்ட்புரூக்குக்கு 2017-இலும், ஹார்டனுக்கு 2018-இலும் கிடைத்தது. மூவரும் முன்பு ஒரே ஆடை அணிந்து ஆடியவர்கள். பயிற்றுநர் புரூக்ஸுக்கு நான் தரும் தேர்ச்சி இதிலிருந்து வருவது. இறுதிச்சுற்றின் முன்கள வரிசைக்காக நான் கழிக்கும் மதிப்பெண்ணும் அப்படியே நிற்கட்டும். ஒன்று மற்றொன்றை அழிக்காது.

தண்டர் மீண்டும் ஓர் இளைய அணியோடு இறுதிச்சுற்றை எட்டியது 2025-இல்தான். பயிற்றுநர் மார்க் டேக்னால்ட், பருவம் முழுதும் வரிசையை அடிக்கடி மாற்றி மாற்றி ஆடவைப்பவர். முன்களத்தில் செட் ஹோம்கிரன், ஐசையா ஹார்டன்ஸ்டைன் என இரு நெடியவர்கள். இண்டியானா அணியின் வேகத்தைக் கருதி முதல் ஆட்டத்திலேயே ஹார்டன்ஸ்டைனை மாற்று வரிசைக்கு அனுப்பிவிட்டு, கேசன் வாலஸ் என்னும் பின்கள இளைஞரைத் தொடக்கத்தில் இறக்கினார். 111-110 எனத் தோல்வி, ஏச்சுக்கும் குறைவில்லை. நான்காம் ஆட்டத்தில் ஹார்டன்ஸ்டைனைத் திரும்பத் தொடக்க ஐவரில் சேர்த்தார். 111-104 என வெற்றி. வெளியே அனுப்பியதையோ திரும்ப அழைத்ததையோ அந்தப் பிள்ளைகள் அவமானமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை; அக்டோபரிலிருந்தே அவர்களுக்கு அது பழக்கமாகியிருந்தது. ஜூன் 22 அன்று ஏழாம் ஆட்டத்தில் 103-91 என வென்று, ஓக்லஹோமா சிட்டி தன் முதல் கிண்ணத்தைப் பெற்றது.