மடிக்கணினி வாங்குகிறீர்களா? திரையின் பின்னொளியையும் கேட்டு வாங்குங்கள்

மடிக்கணினி வாங்கச் செல்பவர்கள் கடையில் முதலில் கேட்பது விலை. அடுத்தது செயலி, நினைவகம், சேமிப்பகம். திரையைப் பற்றி யாராவது கேட்டால் "எல்.ஈ.டி. திரைதான்" என்ற ஒரே பதிலோடு விடயம் முடிந்துவிடும். சில மடிக்கணினிகளில் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். திரையை மாற்றுவதுதான் செலவு கூடிய வேலை. வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பணத்திலோ, பல மாதம் கட்டிய சீட்டுப் பணத்திலோ வீட்டுக்கு ஒரேயொரு மடிக்கணினி வாங்கும் குடும்பங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு இலகுவில் வராது. அதனால் வாங்கும் முன்னர் திரைக்குப் பின்னால் என்ன ஒளி எரிகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பின்னொளி என்றால் என்ன?

திரவப் பளிங்குத் திரை தானாக ஒளிர்வதில்லை. அது நிறக் கண்ணாடி யன்னல் போன்றது. பின்னால் விளக்கு இருந்தால்தான் படம் தெரியும். அந்த விளக்கே பின்னொளி. விளக்கிலிருந்து புறப்படும் ஒளியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே பல படலங்களைத் தாண்டி எமது கண்ணை வந்தடைகிறது. மிகுதி உள்ளேயே வீணாகிறது. எழுத்து வேலை, வாசிப்பு போன்ற இலகுவான பாவனையின்போது பற்றரியை அதிகம் உண்ணும் பகுதிகளில் ஒன்றாகத் திரை இருப்பதற்கு இதுவே காரணம்.

பழைய முறை: குழாய் விளக்கு

2010ஐ அண்டிய ஆண்டுகள் வரை பல மடிக்கணினிகளில் சி.சி.எவ்.எல். எனப்படும் மெல்லிய குழாய் விளக்கே பின்னொளியாக இருந்தது. வீட்டு ரியூப்லைற்றின் சின்னத் தம்பி என்று இதைச் சொல்லலாம். உள்ளே சிறிதளவு இரசம் உண்டு. இதை எரிய வைக்கப் பல நூறு வோல்ற் தேவை. அதற்கென இன்வேட்டர் என்ற தனிச் சுற்றுப் பலகையும் உள்ளே இருக்கும். காலப்போக்கில் ஒளி மங்கும், வெள்ளை மஞ்சளாகும், இன்வேட்டரும் பழுதாகும்.

புதிய மடிக்கணினிகளில் இது இப்போது இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் பழைய லப்டொப்களிலும், மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் பாவித்தவற்றிலும் இன்னும் அகப்படலாம். போட்டவுடன் திரை இளஞ்சிவப்பாகத் தோன்றி, முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடங்கள் எடுத்தால் அது குழாய் விளக்காக இருக்கக்கூடும். இலவசமாகக் கிடைத்தால் பாவியுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

இன்றைய பொதுமுறை: எல்.ஈ.டி.

எல்.ஈ.டி. என்பது பாடப் புத்தகத்தில் நாம் படித்த ஒளிகாலும் இருவாயி. நீல ஒளி தரும் இருவாயியின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு இட்டால் வெள்ளை ஒளி கிடைக்கும். திறன் மிக்க நீல இருவாயியை உருவாக்கியமைக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மடிக்கணினியில் இந்தச் சிறு விளக்குகள் திரையின் விளிம்பில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில் வரிசையாக இருக்கும். ஒரு தெளிந்த தகடு அந்த ஒளியைத் திரை முழுவதும் பரப்பும். குழாய் விளக்கைவிட மின்செலவு குறைவு, ஆயுள் கூட, இரசமும் இல்லை.

ஆனால் மலிவானதும் விலை கூடியதும் இன்று பெரும்பாலும் எல்.ஈ.டி.தான் என்பதால், "எல்.ஈ.டி." என்ற சொல் மட்டும் எதையும் சொல்லிவிடாது. கேட்க வேண்டியவை வேறு.

முதலாவது, வெளிச்சத்தின் அளவு. இது நிட்ஸ் என்ற அலகில் சொல்லப்படும். மலிவான திரைகள் 220 முதல் 250 வரை இருக்கும், அறைக்குள் போதும். விறாந்தையிலோ யன்னலோரத்திலோ இருந்து படிப்பவர்களுக்கு 300 தேவை. முற்றத்து மரநிழலில் அல்லது வெளிக்களத்தில் வேலை செய்பவர்களுக்கு 400 இருந்தால் நல்லது.

இரண்டாவது, திரையின் வகை. டி.என். வகைத் திரையைச் சற்றுச் சரிவாகப் பார்த்தாலே நிறம் மாறும். ஐ.பி.எஸ். வகையில் அப்படியில்லை. ஒரே மடிக்கணினியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் இருந்து வகுப்புப் பார்க்கும் வீட்டில் ஐ.பி.எஸ்.தான் பொருத்தம்.

மூன்றாவது, நிறம். விபரத்தில் "45% என்.ரி.எஸ்.சி." என்றிருந்தால் சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரியும். எழுத்து வேலைக்கு அது குறையல்ல. இடப்பெயர்வுகளில் தப்பிய குடும்பப் படங்களை ஸ்கான் செய்து திருத்துபவர்கள், ஸ்ரூடியோ வேலை செய்பவர்கள் "100% எஸ்.ஆர்.ஜி.பி." என்றிருப்பதைத் தேட வேண்டும்.

ஒரே பெயருள்ள மடிக்கணினி இரண்டு மூன்று வகைத் திரைகளோடு விற்கப்படுவதும் வழமை. ஆகவே பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், அடியில் உள்ள முழு மொடல் இலக்கத்தை வைத்து விபரத்தைத் தேடுங்கள்.

மின்சாரம் இல்லாத நேரம்

மின்சாரமே இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு ஒளியை அளந்து பாவிப்பது புதிதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின் தடைப்பட்டபோது அந்தப் பாடம் மீண்டும் வந்தது. ஒரு கணக்கைப் பாருங்கள். பற்றரி 45 வாற்று மணி, மடிக்கணினி 9 வாற்று எடுக்கிறது என்றால் 5 மணி நேரம் ஓடும். பின்னொளியைக் குறைத்து 2 வாற்று மிச்சம் பிடித்தால் அதே பற்றரி ஏறத்தாழ 6 மணி 25 நிமிடம் ஓடும். எந்த எல்.ஈ.டி. திரையானாலும் இது பொருந்தும்.

மினி எல்.ஈ.டி.

இதில் விளிம்பில் அல்லாமல் திரையின் பின்புறம் முழுவதும் மிகச் சிறிய விளக்குகள் ஆயிரக்கணக்கில் பதிக்கப்பட்டிருக்கும். இருண்ட காட்சி வரும் பகுதியில் மட்டும் விளக்கை அணைக்கலாம். அப்பிள் நிறுவனம் 2021 ஒக்ரோபரில் அறிமுகப்படுத்திய மெக்புக் ப்ரோ இத்தகைய திரை கொண்டது. வெளிச்சம் மிக அதிகம், கறுப்பும் ஆழமானது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் சுற்றிலும் மெல்லிய ஒளிவட்டம் தெரியலாம். விலையும் கூட. காணொளித் தொகுப்பைத் தொழிலாகச் செய்பவருக்கு ஏற்றது. படிக்கும் பிள்ளைக்கு அவசியமில்லை.

ஓ.எல்.ஈ.டி.

பெயர் ஒத்திருந்தாலும் இதில் பின்னொளியே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானாக ஒளிரும். கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கும். படம் பார்க்க இதற்கு நிகர் குறைவு. ஆனால் கறுப்புக்கு மின் செலவில்லாததுபோல வெள்ளைக்குச் செலவு கூட. கட்டுரை எழுதுவோர், நூலகம் இணையத்தளத்தில் பழைய நூல்களின் பக்கங்களை மணிக்கணக்கில் வாசிப்போர் பார்ப்பது பெரும்பாலும் வெள்ளைப் பக்கங்களையே. அவர்களுக்குப் பற்றரி விரைவில் இறங்கும். அசையாத படம் நீண்டகாலம் ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் பதியும் வாய்ப்பும் உண்டு. உடைந்தால் மாற்றும் செலவும் அதிகம்.

கண்ணும் தலைவலியும்

சில திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு விளக்கை ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சிலருக்குத் தலைவலியும் கண் களைப்பும் வரும். ஒற்றைத்தலைவலி உள்ளவர்களும், போரில் தலையில் காயமடைந்து ஒளிக் கூச்சத்தோடு வாழ்பவர்களும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஓ.எல்.ஈ.டி. திரைகள் பலவற்றிலும் இந்த மினுக்கம் உண்டு.

"நீல ஒளி கண்ணைக் கெடுக்கும்" என்று கூறி விற்கப்படும் கண்ணாடிகளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. கண் களைப்புக்கு அதுவே முக்கிய காரணம். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை தூரத்தே பார்ப்பது செலவில்லாத மருந்து.

கடையில் செய்ய வேண்டியவை

1. வெளிச்சத்தை முழுமையாகக் கூட்டி ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறவுங்கள். மஞ்சள் திட்டு, மங்கிய மூலை இருக்கிறதா எனப் பாருங்கள்.

2. கறுப்புப் படமொன்றை வைத்து விளிம்புகளில் ஒளி கசிகிறதா எனப் பாருங்கள்.

3. மடிக்கணினியைக் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து எழுத்தை வாசியுங்கள். கண்ணாடி போல மினுங்கும் திரையில் உங்கள் முகமே தெரியும். மினுக்கமற்ற திரை பகலில் இலகு.

4. வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, கைப்பேசிக் கமராவால் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டிகள் ஓடினால் மினுக்கம் உண்டு என்று சந்தேகிக்கலாம்.

5. பாவித்ததாயின் மூடியை மெதுவாகப் பலமுறை திறந்து மூடுங்கள். அப்போது ஒளி வெட்டினால் திரைக்குச் செல்லும் வயர் தேய்ந்திருக்கக்கூடும்.

6. உத்தரவாதம் திரைக்கும் உண்டா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

எதை வாங்கலாம்?

படிப்பு, அலுவலக வேலை, இணைய வகுப்பு ஆகியவற்றுக்கு 300 நிட்ஸ் வெளிச்சம் உள்ள, மினுங்காத, சாதாரண எல்.ஈ.டி. ஐ.பி.எஸ். திரை போதுமானது. மினி எல்.ஈ.டி.க்கும் ஓ.எல்.ஈ.டி.க்கும் கொடுக்கும் மேலதிகப் பணத்தை நினைவகத்துக்கோ நல்ல பற்றரிக்கோ செலவிட்டால் வீட்டுக்குப் பயன் கூட. ஏற்கெனவே உள்ள மடிக்கணினியின் திரை திடீரென இருண்டால் உடனே எறிந்துவிட வேண்டாம். ரோர்ச் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பழுது பின்னொளியில் அல்லது அதற்கான மின்சுற்றில்தான். உள்ளே இருக்கும் கோப்புகளும் படங்களும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். ரிவியிலோ வேறு மொனிட்டரிலோ இணைத்து அவற்றை முதலில் பிரதி எடுத்துவிட்டு, பிறகு திருத்துநரிடம் கொண்டு செல்லுங்கள்.