கழலாத மரை: சப்ரகமுவத் தோட்டத் தொழிற்சாலைகளும் பசைகளும்

போல்ட்டின் இழுவிசையாலும் மரைகளுக்கு இடையிலான உராய்வாலும்தான் நட் தன் இடத்தில் நிற்கிறது. பக்கவாட்டில் ஓயாமல் ஆட்டினால் அந்த உராய்வு தளர்ந்து, நட் தானே சுழன்று கழலும். ஜெர்மானியப் பொறியியலாளர் ஜெர்ஹார்ட் யுங்கர் 1969இல் இதைச் சோதனையால் நிறுவினார். தேயிலை ஸ்டோரில் கொழுந்தைக் கசக்கும் ரோலரின் வேலையே பக்கவாட்டுச் சுழற்சிதான். அதன் நட்டுகளுக்கு இதைவிடக் கடினமான இடம் அமைவது அரிது.

1889இல் இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்து சப்ரகமுவ மாகாணமானது. கோப்பியை இலைநோய் அழித்த பின் தேயிலையும், அடுத்துத் தாழ்ந்த சரிவுகளில் இறப்பரும் பரவின. இயந்திரங்கள் பிரித்தானியக் கைகளில் உருவானவை: வில்லியம் ஜாக்சன் 1870களில் அசாமில் அமைத்த ரோலர், சாமுவேல் டேவிட்சனின் சிரொக்கோ உலர்த்தி. அவற்றின் போல்ட்டுகளுக்கு ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த 55 பாகை மரையே அளவுகோல். அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை. பின்னால் வந்த அமெரிக்க வகையில் 13. ஒன்றின் நட் மற்றதில் சில சுற்று ஏறும், பொருந்தியது போலவும் தோன்றும். ஆனால் பாரம் ஓரிரு மரைகளிலேயே விழும். அப்படிப்பட்ட நட்டை எந்தப் பசையும் காப்பாற்றாது. பசையைத் தேடுமுன் மரை அளவைப் பார்க்கவேண்டியது அதனால்தான்.

ஆடும் பாகங்களுக்குப் பழைய காலப் பொறியாளர் பசையை நம்பவில்லை. இரட்டை நட் போட்டார், அல்லது நட்டின் வெட்டுக்குள் பிளவு ஊசி செருகினார். அது இன்றும் சிறந்த ஏற்பாடு. பசையின் இடம் நீராவி, தண்ணீர்க் குழாய்கள்தான். அங்கே மரையில் சணலைச் சுற்றி, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த செவ்வீயத்தைப் பூசுவது வழக்கம். எண்ணெய் காற்றின் ஒக்சிசனை ஏற்று இறுகும். ஈயம் அதை விரைவுபடுத்தும். ஈயம் நஞ்சு என்பதால் இந்த முறை வழக்கொழிந்தது நல்லதே.

இறப்பர்த் தோட்டத்தில் ஒட்டுப்பாலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அது இயந்திர மரைக்கு உதவாது: கனிம எண்ணெய் பட்டால் இயற்கை இறப்பர் ஊறிப் பருத்து வலுவிழக்கும். செம்பு கலந்த பித்தளையோடு சேர்ந்தாலும் பிசுபிசுத்துக் கெடும்.

இரத்தினபுரியில் இரத்தினக்கல் பட்டை தீட்டுவோர் கையாண்ட பொருள் அரக்கு. கல்லைக் குச்சியில் ஒட்டவும், வேலை முடிந்ததும் சூடுகாட்டிக் கழற்றவும் அது ஏற்றது. மதுசாரத்தில் கரைத்த அரக்கு மின்கருவிகளின் சிறு திருகாணிகளை அசையாமல் நிறுத்தவும் உலகெங்கும் பயன்பட்டது. மூக்குக்கண்ணாடித் திருகாணிக்கு நகப்பூச்சு தடவுவது அதே முறையின் வீட்டு வடிவம். இரண்டையும் மீண்டும் கழற்றலாம்.

நிரந்தரப் பிடிப்பை இருபதாம் நூற்றாண்டின் வேதியியல் தந்தது. 1946இல் அரல்டைட் விற்பனைக்கு வந்தது. இரு குழம்புகளைக் கலந்து பூசும் இந்த எபொக்சி மரையின் இடைவெளியை நிரப்பி இறுகும். ஹாரி கூவர் 1942இல் கண்ட சயனோஅக்ரிலேட் 1958இல் கடைக்கு வந்தது; இன்று வீட்டில் இருக்கும் சுப்பர் குளூ அதுவே. ஈரப்பதத்தால் இறுகுவதால், மழை மிகுந்த இரத்தினபுரியில் அது வேகமாகவே பிடிக்கும். ஆனால் இறுகியபின் நொறுங்கும் இயல்புடையது. ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்கு மேல் வலுவிழக்கும். தேயிலை உலர்த்திக்குள் நுழையும் காற்றே 90 பாகையைத் தாண்டுவதால் அங்கே அதற்கு வேலையில்லை.

மரைக்கென்றே பிறந்த பசையை ஹார்ட்ஃபோர்ட் திரினிட்டிக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953இல் உருவாக்கினார். காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாக இருந்து, காற்றில்லா இடுக்கில் உலோகத்தைத் தொட்டதும் இறுகுவது அதன் தனித்தன்மை. குப்பியை நிரப்பாமல் பாதிக் காற்றோடு விற்பதன் காரணம் இதுவே. லொக்டைட் என்று பெயர் பெற்ற இவ்வகையில் சிவப்பு நிறத்தது நிரந்தரப் பிடிப்புக்கானது.

எதைப் பூசினாலும் மரையில் எண்ணெய் இருக்கக்கூடாது. தொழிற்சாலையில் கைக்கெட்டும் மண்ணெண்ணெய் கழுவும், ஆனால் மெல்லிய படலத்தை விட்டுச்செல்லும். விரைவில் ஆவியாகும் கரைப்பானால் மீண்டும் துடைக்கவேண்டும். சிவப்புப் பசை இட்ட நட்டைக் கழற்ற ஏறத்தாழ 250 பாகைக்குச் சூடேற்றி, ஆறுமுன் திருப்பவேண்டும். தேயிலைத் தூசி எளிதில் தீப்பற்றுவதால், அந்தப் பாகத்தை வெளியே கொண்டுபோய் அதைச் செய்வதே முறை.