படத்தை எங்கே போடுவது? – ஒரு குட்டி வரலாறு

போன வாரம் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் புதுக் கேமராவும் கையுமாக வந்து, "டேய், எடுத்த படத்தையெல்லாம் எந்த சைட்ல போடுறது?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு இருபது வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கே... அதனால் ஒரு பதிவு. (உங்க தலையெழுத்து!)

1990களில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஃபிலிப் கிரீன்ஸ்பன் ஆரம்பித்தது ஃபோட்டோ.நெட். படத்தைப் போட்டால் புதுமைக்கும் அழகுக்கும் தனித்தனியாக 7க்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். கற்றுக்கொள்ள நினைத்தவர்கள் அங்கே போனார்கள், மார்க் என்றாலே அலர்ஜி உள்ளவர்கள் ஓடினார்கள். (நான் இரண்டாவது கட்சி :-))

2004 பிப்ரவரியில் வந்தது ஃப்ளிக்கர். வான்கூவரில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் கேட்டரினா ஃபேக்கும் ஆன்லைன் விளையாட்டு ஒன்றைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அது தேறவில்லை, அதிலிருந்து பிறந்தது இது. இங்கே மார்க் கிடையாது. டேக், குழுக்கள், தெரிந்தவர்களின் பின்னூட்டம், அவ்வளவுதான். விருப்பப்பட்டால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் படத்தை ஊருக்கே கொடுக்கலாம். 2013 வரை இலவசக் கணக்கென்றால் கடைசியாகப் போட்ட 200 படங்கள் மட்டுமே தெரிந்தன. 2005ல் யாஹூ வாங்கியது. 2007ல் எல்லோரும் யாஹூ ஐடியில்தான் நுழைய வேண்டும் என்றபோது பழைய ஆட்கள் கொதித்துப்போனார்கள். ஆனாலும் 2008ல் அமெரிக்க காங்கிரஸ் நூலகமே தன் பழைய படங்களைப் போடத் தேர்ந்தெடுத்த இடம் ஃப்ளிக்கர்தான்.

அப்புறம் டொராண்டோவின் 500பிக்ஸ் வந்தது, 2010ல் இன்ஸ்டாகிராம் வந்தது, அந்தக் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

என்னைப் பொறுத்தவரை முக்கியமான வருஷங்கள் இரண்டு. ஒன்று 2014. வணிக உபயோகத்துக்கும் சரி என்று உரிமம் கொடுத்திருந்தவர்களின் படங்களை ஃப்ளிக்கர் பிரிண்ட் போட்டு விற்க ஆரம்பித்தது. எடுத்தவருக்குப் பைசா கிடையாது! உரிமப்படி தப்பில்லைதான், ஆனாலும் வலிக்குமே? எதிர்ப்பு கிளம்பியதும் அந்த விற்பனையை நிறுத்தினார்கள்.

இன்னொன்று 2018. ஸ்மக்மக் நிறுவனம் ஃப்ளிக்கரை வாங்கி, இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் என்றது. இத்தனைக்கும் 2013ல் ஒரு டெராபைட் இலவசம் என்று கூப்பிட்டுத்தான் ஜனங்கள் குவிந்திருந்தார்கள். 1000க்கு மேல் இருந்தால் பழைய படத்திலிருந்து அழிப்போம் என்றார்கள். ஏற்கெனவே கிரியேட்டிவ் காமன்ஸில் கொடுத்திருந்த படங்களுக்கு மட்டும் விலக்கு. அதே வருஷம் 500பிக்ஸோ, அந்த உரிமத்தில் படங்களைத் தேடி இறக்கும் வசதியையே எடுத்துவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை ஆர்வலர்கள் அவசர அவசரமாகப் பிரதி எடுத்து வைத்தார்கள்.

அதனால் நண்பனிடம், எத்தனை லைக் வரும் என்பதை அப்புறம் பார். உரிமம் என்ன, போட்டதைத் திரும்ப முழுசாக எடுக்க முடியுமா என்று முதலில் பார் என்றேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னது: "சரிடா, ஹார்ட் டிஸ்க் என்ன விலை?"