குப்பங்களுக்கு வராத ஆள்

பழவேற்காட்டின் வரலாற்றை எழுதுவோர் 1613-இல் எழுந்த கெல்டிரியா கோட்டையையும் டச்சுக்காரர் கல்லறைகளையும் விடாமல் சொல்வார்கள். ஏரியைச் சுற்றிய குப்பங்களில் மனம் கலங்கியவரை யார் கவனித்தார்கள் என்று கேட்பவர் குறைவு. ஊருக்குள் ஆதரவே இல்லாமல் போகவில்லை. வெளியிலிருந்து வந்தவைதான் ஒன்று அடைத்து வைப்பதாகவோ, இல்லையேல் பேரிடர்க்கால உதவியாகவோ இருந்தன. அன்றாடம் உட்கார்ந்து கேட்கும் ஆள் மட்டும் வரவே இல்லை.

ஊரின் ஆதரவு எப்படிப்பட்டது என்பதற்குப் பாடு முறை நல்ல சான்று. எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரிக்கலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைக்கும் ஏற்பாடு அது. நல்ல இடம் இன்று கிடைக்காதவனுக்கு இன்னொரு நாள் கிடைக்கும். பொறாமையும் கைகலப்பும் அந்த அளவுக்குக் குறையும். இதை மனநலத்தோடு சேர்த்துப் பேசுவது மிகையல்ல, பிழைப்பின் நிச்சயமின்மைதான் மீனவர் மனத்தை அதிகம் அரிப்பது. ஆனால் பாடு ஆண்களின் உரிமை. குடிக்கும் கணவனோடு வாழும் மனைவிக்கோ, கடலில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கோ அதில் இடமில்லை. அவர்கள் கோயிலுக்கும் தர்காவுக்கும் போனார்கள். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது: தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த மனநோயாளிகளின் அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததாக 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகியதும் இதே தமிழ்நாட்டில்தான்.

அரசின் பக்கம் சென்னையில் 1794-இல் மனநோயாளர் விடுதி வந்தது. 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய காப்பகம் எழுந்தது. 'கீழ்ப்பாக்கம்' வசைச்சொல்லாகி, திரைப்பட நகைச்சுவையிலும் ஏறியது. உதவி தேடிப் போவதே அவமானம் என்றாக அதுவும் ஒரு காரணம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கிய பிறகுதான் தமிழகக் கடலோரக் குப்பங்களுக்கு ஆலோசகர்கள் திரளாக வந்தார்கள். திட்டக்காலம் முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள்.

"ஏரியின் முகத்துவாரம் தூர்ந்துபோகிறது, இறால் குறைகிறது, இதற்கு உளவியலாளர் என்ன செய்வார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முகத்துவாரத்தைத் தூர்வாருவது அரசின் வேலை. அந்தப் பொறுப்பை மறைக்க உளவியலைத் திரையாக்கினால் அது மோசடி. ஆனால் தூர்வாரும் வரை தூக்கமில்லாமல் கிடப்பவர் காத்திருக்க முடியாது. மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை; பேசி, சோதனைகள் வைத்து, சிக்கல் எங்கே என்று கண்டு, பயத்தையும் குடியையும் சமாளிக்கும் வழிகளைப் படிப்படியாகப் பழக்குகிறார். ஊர்ப் பஞ்சாயத்து தீர்ப்புச் சொல்லும் இடம். இவர் தீர்ப்புச் சொல்லாதவர், கேட்டதை ஊருக்குள் பரப்பக் கூடாதவர். எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் குப்பத்தில் இது சிறிய விஷயமல்ல.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கியது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநலச் சிகிச்சையை உரிமையாக்கியது. திருவள்ளூர் மாவட்டத்து மீனவர் இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. தனியாரிடம் போவோர், அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர்தானா என்று கேட்கத் தயங்க வேண்டாம். உடனே பேச வேண்டுமென்றால், 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.